பூட்டியபடியே கழன்ற ஹெல்மெட்: கஞ்சிக்கோட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

கேரளத்தின் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் வார்ப்புப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அலுவலர். 2023 ஜூலையில் எங்கள் ஆட்கள் இருவர் ஒரே பைக்கில் வீடு திரும்பும்போது விழுந்தார்கள். இருவர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. ஒன்று தலையிலேயே நின்றது. இன்னொன்று கழன்று போனது. கழன்று போனது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, முகம் முழுக்க மூடும், நல்ல விலை கொடுத்து வாங்கிய ஹெல்மெட். அதைத் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தவன் நான்.

தொழிற்சாலையின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் இல்லை. வண்டி ஓட்டியவரை ‘அண்ணன்’ என்றும் பின்னால் உட்கார்ந்து வந்தவரைத் ‘தம்பி’ என்றும் குறிப்பிடுகிறேன். அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இருவரும் இதைப் படித்துப் பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகே எழுதி முடித்தேன்.

பின்னணி

வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் கேரளம் என்றாலும் எங்கள் ஷாப் ஃப்ளோரில் பாதிக்கு மேல் தமிழ்தான். எட்டிமடை, க.க.சாவடி பக்கமிருந்து தேசிய நெடுஞ்சாலை 544-ல் வருகிறவர்கள் ஒரு கூட்டம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மேனோன்பாறை பக்கமிருந்து வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். இவர்கள் கேரளத்துக்காரர்கள். நோட்டீசை மலையாளத்தில் ஒட்டினால் படித்துவிடுவார்கள், ஆனால் சண்டை போடுவதும் சமாதானமாவதும் தமிழில்தான். ஷிப்ட் நேரத்துக்குப் பேருந்து கிடையாது. எல்லோரும் பைக்.

ஹெல்மெட் பழக்கம் இவர்களிடம் மூன்று தவணையாக வந்தது. முதல் தவணை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1-ல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானபோது. அந்த வாரம் சாலையோரத்தில் கிடைத்ததை எல்லாம் ஜனம் அள்ளியது. இரண்டாவது, 2019 டிசம்பர் 1 முதல் கேரளத்தில் பின்னால் உட்காருகிறவருக்கும் கண்டிப்பாக்கியபோது. மூன்றாவது, 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் புதிய கேமராக்கள் படம் பிடித்து அபராதம் போட ஆரம்பித்தபோது. கேரளத்தில் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 1,000. இரண்டு பக்கமும் போய்வருகிற ஆளுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். கேமராவுக்கு ஹெல்மெட் தெரியும், தாடைக்கு அடியில் இருக்கும் ஸ்ட்ராப் தெரியாது என்பதும் இவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கேட்டில் அதற்கு முன்பே ஒரு விதி இருந்தது: ஹெல்மெட் இல்லாத வண்டி உள்ளே வராது. செக்யூரிட்டி ஒரு நோட்டில் வண்டி எண்ணுக்கு நேராக ஆம் அல்லது இல்லை என்று குறிப்பார். மாதக் கூட்டத்தில் அதைக் கூட்டி ‘நூறு சதவீதம்’ என்று நான் காட்டுவேன். கேட்டுக்கு ஐம்பது அடி முன்னால் வண்டியை நிறுத்தி, கைப்பிடியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவதை டீக்கடையிலிருந்து நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் கூட்டத்தில் சொல்லவில்லை.

2023 மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினம். நிரந்தரத் தொழிலாளிகள் எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கேட்டு வாங்கியவன் என்ற பெருமை எனக்கு இருந்தது. கொள்முதல் பிரிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: என்ன சைஸ்? ஆளாளுக்கு அளவெடுத்தால் மார்ச் 4-க்குள் சரக்கு வராது. “பெரிய தலைக்குச் சின்னது ஏறாது சார். சின்னத் தலைக்குப் பெரிசு ஏறிரும்ல? எல்லாமே எல் போட்டுடலாம்.” எல் என்றால் 600 மில்லிமீட்டர், அதாவது 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலைக்கு. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

ஒப்பந்தத் தொழிலாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்று இரவு

ஆடி பிறந்து சில நாள். பாலக்காட்டுக் கணவாயின் காற்று அந்த மாதத்தில் எப்படி அடிக்கும் என்று இங்கே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேற்கிலிருந்து தள்ளும், கூடவே சாரல். இரண்டாவது ஷிப்ட் முடிந்து பத்தரை மணிக்கு மேல் இருவரும் மேனோன்பாறை வழியில் கிளம்பினார்கள். அண்ணனுக்கு 38 வயது, உலைப் பிரிவு, பதினோரு வருட சர்வீஸ். தம்பிக்கு 23, ஒப்பந்தத் தொழிலாளி, அதே ஊர்.

வேகம் நாற்பதைத் தாண்டவில்லை என்று இருவருமே பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். வண்டி கிடந்த இடத்தையும் ரோட்டில் இருந்த சிராய்ப்பின் நீளத்தையும் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாய் குறுக்கே வந்தது. ஈர ரோடு, முன் பிரேக். வண்டி இடது பக்கம் சாய்ந்து வழுக்கியது. அண்ணன் முதலில் தோளில் விழுந்து உருண்டார். பின்மண்டை ஒரு சிறு பாலத்தின் சிமெண்ட் விளிம்பில் மோதியது. தம்பி முகம் கவிழ்ந்து இடது பக்கமாகத் தேய்ந்துகொண்டே போனார்.

முதலில் வந்து நிறுத்தியவர் ஒரு ஆட்டோக்காரர். 108-க்கு அழைத்தது அவர்தான். அடுத்து கூடியவர்களில் ஒருவர் தம்பியின் ஹெல்மெட்டைப் பிடித்து நேராக இழுத்துக் கழற்றிவிட்டார். நல்லெண்ணம்தான். கழுத்தெலும்பில் அடி இருந்திருந்தால் அந்த ஒரு இழுப்பே கை கால்களை முடக்கியிருக்கலாம். மூச்சு விடுகிறவரின் ஹெல்மெட்டைத் தொடாமல் விடுவதே நல்லது. கழற்றியே தீர வேண்டுமென்றால் ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் பக்கவாட்டில் விரித்து மெல்ல எடுக்க வேண்டும். அண்ணனுக்கு நினைவு இல்லை. யாரோ வாயில் தண்ணீர் ஊற்றப் போனதை ஆட்டோக்காரர் தடுத்தார். அவருடைய பெயரையும் நான் இங்கே போட முடியாது, போட ஆசை.

பாலக்காட்டில் முதலுதவி, அங்கிருந்து இரவோடு இரவாகக் கோவை. அண்ணனுக்குப் பின்மண்டை எலும்பில் விரிசல். அடி பட்ட இடத்துக்கு நேர் எதிரே, நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியில் ரத்தக்கட்டு. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். தம்பிக்குத் தாடை இரண்டு இடத்தில் முறிவு, முன்பற்கள் இரண்டு போயின, கன்னத்தில் தையல். தலைக்குள் ஒன்றுமில்லை. மறுநாள் காலை கையால் எழுதிக் காட்டிய முதல் வரி, “அண்ணன் எப்படி?”

இரண்டு ஹெல்மெட்டுகள்

இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையத்தில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்க விட்டார்கள்.

தம்பியுடையது முகம் திறந்த வகை, நாங்கள் கொடுத்ததில் பாதி விலைகூட இருக்காது. அவர் அம்மா கூடவே கடைக்குப் போய், மகன் தலையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து வாங்கியது, அளவு 580. இடது பக்க ஓடு முழுக்கத் தேய்ந்து வெளுத்திருந்தது. உள் துணியை விலக்கினேன். காதுக்கு மேலே தெர்மோகோல் அடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பள்ளம், அதைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல்கள். ஹெல்மெட்டின் வேலையே அந்தப் பள்ளம்தான். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கி, தலை நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சில மில்லிசெகண்டு நீட்டிக்கிறது. மண்டை நசுங்க வேண்டிய இடத்தில் அது நசுங்குகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி உப்பாது.

அண்ணனுடையது ரோட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி வாய்க்காலில் கிடந்ததாம். சேறு காய்ந்திருந்தது. துடைத்தால் புதுசு. கண்ணாடியில் ஒரு கீறல், நெற்றிப் பக்கம் ஒரு சிராய்ப்பு, அவ்வளவே. பின்பக்கம் சுத்தம். உள்ளே தெர்மோகோலில் நகக்குறி கூட இல்லை. அடி விழுந்தபோது இந்த ஹெல்மெட் அங்கே இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் எனக்குப் புரியவில்லை. ஸ்ட்ராப் பூட்டியிருந்தது. கிளிப் பற்களில் சரியாக மாட்டி, அப்படியே இருந்தது. ஸ்ட்ராப் அறுந்ததாலோ கிளிப் தெறித்ததாலோ கழன்றிருந்தால் தயாரித்தவர்மேல் பழி போடலாம். பூட்டிய ஹெல்மெட் எப்படித் தலையை விட்டுப் போகும்? “கீழே விழுந்த பிறகு யாராவது பூட்டியிருப்பாங்க” என்றார் ஏட்டு. வாய்க்காலில் இறங்கி யார் பூட்டப் போகிறார்கள்.

வீட்டில் கேட்டது

பத்து நாள் கழித்து அண்ணனின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்.

“சார், அவரு என்னிக்குமே அந்தப் பட்டையக் கழட்டி மாட்டுனதில்லீங்க. பூட்டுனபடிக்கே எடுப்பாரு, பூட்டுனபடிக்கே தொப்பி மாதிரி கவுத்துக்குவாரு. கொடுத்த அன்னிக்கு ஒரு தடவை பூட்டுனதுதான்.”

“லூசா இருக்குன்னு சொன்னாரா?”

“சொல்லலீங்க. கம்பெனி குடுத்தது, லூசுன்னு எப்படிங்க சொல்றது? உள்ள ஒரு துண்டை மடிச்சு வெச்சுக்குவாரு. அப்ப நிக்கும்.”

போலீஸ் எடுத்த படத்தில் ரோட்டோரம் ஒரு ஈரத்துண்டு கிடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. முதலுதவிக்கு யாரோ கொண்டுவந்தது என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவர் படுத்திருந்தபடியே இன்ச் டேப்பைச் சுற்றினோம். புருவத்துக்கு ஒரு விரல் மேலே ஆரம்பித்து, காதுக்கு மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி: 56 சென்டிமீட்டர். நான் கொடுத்தது 60. நான்கு சென்டிமீட்டர் வித்தியாசத்தைத் துண்டு அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ராப்பைக் கழற்றாமலே தலை நுழையும் அளவுக்கு அது தளர்ந்திருந்தது என்றால், அதே வழியாகத் தலை வெளியே வரவும் செய்யும். தோள் தரையில் பட்ட முதல் குலுக்கலிலேயே துண்டும் ஹெல்மெட்டும் போயிருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவை அன்று இரவு எடுத்துப் படித்தேன். அபராதத்துக்காக எல்லோரும் மேற்கோள் காட்டும் பிரிவு. ஹெல்மெட் எது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது: அடியிலிருந்து காக்கும் தன்மை இருக்க வேண்டும், கூடவே அதிலுள்ள பட்டையால் அணிந்தவரின் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் என் கேட் நோட்டில் ‘ஆம்’ போட்டவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட் போட்டிருந்தார்கள்?

என் அறைச் சுவரில் நானே ஒட்டிய போஸ்டர் ஒன்று உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2008-ல் வெளியிட்ட முடிவு அதில் இருக்கும்: ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. எண்கள் சரியானவை. அடி விழும் நொடியில் தலையில் இருக்கும் ஹெல்மெட்டுக்கு மட்டும்.

எடுத்த முடிவுகள்

முதலில் எல்லோருடைய ஹெல்மெட்டையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாருக்கும் மெமோ கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்தேன். இல்லாவிட்டால் நல்லதாக ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு வருவார்கள். மூன்று நாள், மூன்று ஷிப்ட், பைக் ஸ்டாண்டிலேயே ஒரு பெஞ்ச். சீருடை தைக்கும் டெய்லரிடமிருந்து இன்ச் டேப்.

சோதனை எளிது. ஸ்ட்ராப்பைப் பூட்டிக்கொள்ளச் சொல்வேன். தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது போகக்கூடாது. பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புவேன். கன்னத்துத் தோலும் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுற்றக்கூடாது. கடைசியாகப் பின்னால் நின்று, கீழ் விளிம்பில் கை கொடுத்து முன்பக்கமாகத் தூக்குவேன். கழன்று மூக்குக்கு வந்தால் அது அவருடைய ஹெல்மெட் இல்லை.

முதல் நாள் முதல் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மூக்குக்கு வந்தது. பத்தாவது ஆளுக்குக் கழன்று என் கையிலேயே வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை அளவுகள் 54-லிருந்து 61 வரை இருந்தன. 60-ஐ ஒட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோருக்கும் எல் என்று நான் போட்ட கையெழுத்து, பெரும்பாலானவர்களுக்குத் தொப்பி கொடுத்திருக்கிறது.

அளவு தவிர வேறு சிலவும் தெரிந்தன. 2015 ஜூலை நெரிசலில் வாங்கிய சாலையோர ஹெல்மெட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் உள்ளே தெர்மோகோலே இல்லை, வெறும் பஞ்சும் துணியும். உரசிப் பார்த்தால் முத்திரை ஸ்டிக்கர் கையோடு வந்தது. பெயின்ட் பிரிவுக்காரர்கள் திருட்டுக்குப் பயந்து ஹெல்மெட்டில் பெயர் எழுதியிருந்தார்கள், அழகான எழுத்து, தின்னர் கலந்த பெயின்ட். பிளாஸ்டிக் ஓட்டைத் தின்னரும் பெட்ரோலும் வெளியே தெரியாமல் பலவீனப்படுத்தும். பெண்கள் சிலருக்கு ஹெல்மெட் சரியான அளவாக இருந்தும் மேலே தூக்கி நின்றது. உயரப் போட்ட கொண்டைதான் காரணம். சடையைக் கழுத்துக்குக் கீழே இறக்கிப் பின்னினால் அதே ஹெல்மெட் சரியாக உட்கார்ந்தது.

எதிர்ப்பும் கேட்டேன். “மண்டை வேகுதுங்ணா”, “முடி கொட்டுது சார்”, “பின்னாடி ஹாரன் கேக்கறதில்ல.” வெயிலைப் பற்றி என்னால் வாதாட முடியாது, ஏப்ரலில் கஞ்சிக்கோட்டில் நானும்தான் வண்டி ஓட்டுகிறேன். மடித்த துண்டுக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணியோ குல்லாயோ போடலாம், அதையும் போட்டுக்கொண்டே அளவு பார்க்க வேண்டும் என்றேன். அதிகம் கேட்டது, “நாப்பதுலதானே சார் போறோம்?” இதற்கு மட்டும் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓடாத வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே, ஐந்தரை அடி உயரத்திலிருந்து வரும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம் சேர்ந்திருக்கும். வண்டியின் வேகம் அதற்கு மேல்தான். சிமெண்ட் விளிம்புக்கு இருபதே போதும்.

அடுத்த முடிவு, மொத்தமாக வாங்குவதில்லை என்பது. கொள்முதல் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு தொகைக்குக் கூப்பன் கொடுத்து, வியாபாரியை எல்லா அளவுகளோடும் தொழிற்சாலைக்கே வரவழைத்து, தலையில் மாட்டிப் பார்த்து எடுக்க வைத்தோம். ஒரே சுற்றளவாக இருந்தாலும் தலை உருண்டையாகவும் இருக்கும், முன்பின் நீண்டும் இருக்கும். ஒரு கம்பெனியின் 580 நெற்றியை அழுத்தும், இன்னொன்றின் 580 அழுத்தாது. கடையில் ஐந்து நிமிடமாவது போட்டுக்கொண்டு நின்றால்தான் தெரியும். புதுசு கன்னத்தை நன்றாகக் கவ்வ வேண்டும், ஏனென்றால் உள்மெத்தை பழகப் பழகத் தளரும். நெற்றியில் ஒரு புள்ளியில் வலித்தால் மட்டும் வேண்டாம்.

முத்திரையையும் கண்ணால் பார்த்து நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை இந்தியாவில் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. முத்திரையின் மேலே ஹெல்மெட்டுக்கான தர எண்ணான ஐ.எஸ். 4151 என்றும் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். மாதிரிக்கு வந்த மூன்று வியாபாரிகளில் ஒருவரின் ஹெல்மெட்டில் ஒரு பெயர் இருக்க, செயலியில் வேறு பெயர் வந்தது. “அது எங்க பழைய பேருங்க” என்றார். இருக்கலாம். அவரிடம் வாங்கவில்லை.

முகம் மூடியதா, திறந்ததா என்பதில் தம்பியின் தாடை பேசியது. ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்ற ஆய்வாளர் விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளில் அடி எங்கே விழுகிறது என்று குறித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் இருந்தது. முகம் மூடியதையே பரிந்துரைத்தோம், கட்டாயமாக்கவில்லை. மூக்குக் கண்ணாடி போடுகிற மூத்தவர்கள் இருவர் மூடியதைப் போட்டால் ஸ்ட்ராப்பைப் பூட்டாமல் ஓட்டுவோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பூட்டாத மூடியதைவிடப் பூட்டிய திறந்தது மேல் என்று விட்டுவிட்டேன். இது சரியான முடிவா என்று இன்றும் எனக்குள் வாதம் உண்டு.

ஒப்பந்தத் தொழிலாளிகளையும் சேர்க்க வேண்டும் என்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. “அவங்களுக்குக் கான்ட்ராக்டர் இருக்காரே.” அப்போது நடப்பில் இருந்த இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தை நான் கொண்டுபோனேன். 2010 திருத்தத்தில் வந்த 51-இ பிரிவின்படி, வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நடக்கும் விபத்தும், நேரத்தாலும் இடத்தாலும் சூழலாலும் வேலையோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால், வேலையில் பட்ட காயமாகவே கருதப்பட்டது. நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வித்தியாசம் அதில் இருக்கவில்லை. மேனேஜர் கேட்டுக்கொண்டார். அவர் மனதை மாற்றியது சட்டம் இல்லை என்று நினைக்கிறேன். மேசைமேல் நான் வைத்திருந்த தம்பியின் ஹெல்மெட்டை எடுத்து அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

கேட் நோட்டை நிறுத்தினோம். சோதனையை உள்ளே வரும் நேரத்திலிருந்து வெளியே போகும் நேரத்துக்கு மாற்றினோம். களைப்பு, இருட்டு, வீட்டுக்குப் போகும் அவசரம் எல்லாம் வெளியே போகும்போதுதான். செக்யூரிட்டி எழுத வேண்டாம். தன் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக் காட்டினால் போதும். வண்டிக்காரர் தன் தாடையில் வைத்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

அதன் பிறகு

புது ஹெல்மெட்டுகள் அக்டோபரில் எல்லோர் கைக்கும் வந்தன. முதல் வாரமே நெற்றி வலி என்று நான்கைந்து பேர் திரும்ப வந்தார்கள். மாற்றிக்கொடுக்க வியாபாரியிடம் முன்பே பேசியிருந்தோம். பழையவற்றை ஸ்ட்ராப்பை அறுத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டோம், இல்லாவிட்டால் வீட்டில் மச்சான் தலைக்குப் போகும்.

டிசம்பர் வாக்கில் இரண்டு விரல் வணக்கமாகத் தேய்ந்துபோனது. தூரத்திலிருந்தே விரலைக் காட்டிவிட்டுப் பறந்தார்கள். அதைக் கண்டித்துச் சுற்றறிக்கை விடுவதற்குப் பதில், ஷிப்டுக்கு மூன்று பேரை மட்டும், முன்கூட்டிச் சொல்லாமல், நிறுத்தி நிஜமாகவே விரல் விட்டுப் பார்க்கும்படி மாற்றினோம். கொஞ்சம் தேறியது. முழுசாக இல்லை.

2024 ஜனவரியில் எட்டிமடைப் பக்கத்து ஆள் ஒருவர் மணல் கிடந்த வளைவில் சறுக்கி விழுந்தார். எழுந்து, வண்டியை நிமிர்த்தி, வேலைக்கே வந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. “ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகல சார், சின்னக் கீறல்தான்” என்றார். உள் துணியை விலக்கிக் காட்டிய பிறகு நீண்ட நேரம் பேசவில்லை. ரூபாய்க் காசு அளவுக்கு நசுங்கியிருந்தது. அன்றே வேறு வாங்கிக் கொடுத்தோம். அடி வாங்கியதை மாற்ற வேண்டும் என்பது போல, அடி வாங்காததையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும்படி தயாரிப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். உள்புறச் சீட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். எங்கள் பட்டியலில் அந்தத் தேதியையும் சேர்த்துக்கொண்டோம்.

தம்பியின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஐந்து வாரம் ராகிக் கூழும் ஜூஸும், ஸ்ட்ரா வழியாக. பல் கட்டி, வடு ஆறி, இப்போது நிரந்தரப் பட்டியலில் இருக்கிறார்.

அண்ணன் நான்கு மாதம் கழித்து வந்தார். நடை, பேச்சு, கணக்கு எல்லாம் பழையபடி. வீட்டில்தான் முதலில் தெரிந்திருக்கிறது: அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்க நாற்றம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். வாசனை போய்விட்டது. பின்மண்டையில் விழும் அடியில் மூளை முன்னும் பின்னும் குலுங்கும்போது, மூக்கின் கூரை வழியே மேலேறும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்துபோவது உண்டு என்று மருத்துவர் விளக்கினார். சிலருக்குத் திரும்பும், பலருக்குத் திரும்பாது. இவருக்கு இரண்டு வருடமாகியும் திரும்பவில்லை.

எங்கள் உலை எரிவது எல்.பி.ஜி.யில். கசிவுக்கு உணரி இருக்கிறது, இருந்தாலும் உலைக்காரனின் மூக்குதான் முதல் உணரி என்பது அந்தப் பிரிவின் நம்பிக்கை. அவரை அங்கே திரும்ப விட என்னால் தகுதிச் சான்று கொடுக்க முடியவில்லை. ஸ்டோருக்கு மாற்றினோம். உலைப் படி போனது; அடிப்படைச் சம்பளம் குறையாமல் பார்த்துக்கொண்டோம். அவர் இதற்காக என்னிடம் கோபப்பட்டதில்லை. ஒருமுறை மட்டும், “சாப்பாட்டுல உப்பு, புளி, காரம் தெரியுதுங்க சார். கொழம்பு எதுன்னுதான் தெரியறதில்ல” என்றார்.

இன்று திரும்பச் செய்தால்

இன்ச் டேப்பை மார்ச்சிலேயே எடுத்திருப்பேன். தேதி தவறினால் தவறட்டும், பாதுகாப்பு தினம் அடுத்த வருடமும் வரும். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் எந்த நோட்டையும் கூட்டத்தில் சதவீதமாக்கிக் காட்ட மாட்டேன். கொடுத்த பொருளைப் பற்றிக் குறை சொல்லலாம் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லியிருப்பேன். அண்ணன் நான்கரை மாதம் துண்டு மடித்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார், என் அறை அவர் உலையிலிருந்து நாற்பது அடி.

செக்யூரிட்டிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஹெல்மெட் கழற்றும் முறையை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்திருக்கலாம். பிறகுதான் கொடுத்தோம். தரையில் படுக்க முதல் ஆளாகத் தம்பி வந்தார்.

ஒன்று இன்னும் கையில் நிற்கிறது. முதல் ஷிப்ட் இல்லாத நாட்களில் எங்கள் ஆட்களில் பலர் குழந்தையைப் பெட்ரோல் டேங்கின்மேல் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு, ஒன்பது மாதம் ஆனதிலிருந்து ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, நாற்பது கிலோமீட்டர் வேக வரம்பு என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. சின்ன அளவு ஹெல்மெட்டை வியாபாரி இரண்டு முறை கொண்டுவந்தார். பெரியவர்களுடையதைப் போல இருந்தது, குழந்தைக் கழுத்துக்கு எடை அதிகம் என்று திருப்பி அனுப்பினேன். வரும் சனிக்கிழமை மூன்றாவது முறையாக வருகிறார். அளவெடுக்க, தொழிலாளிகளைக் குழந்தைகளோடு வரச் சொல்லியிருக்கிறோம்.